பூசணிக்காயைப் பின்தொடரும் இலையுதிர்காலம்: சிறு பிள்ளைகளுக்கான படப்புத்தகங்களும் செயல்பாடுகளும்

ஒன்ராறியோவில் செப்டம்பர் நடுப்பகுதி வந்துவிட்டால் மளிகைக் கடை வாசல்களில் மஞ்சள் பூசணிக்காய்கள் குவியத் தொடங்குகின்றன. பாலர் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் செம்மஞ்சள் நிறக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய பூசணி முகங்களோடு வீடு திரும்புகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இந்தக் காய்க்கு ஒரே ஒரு நாள்தான் மதிப்பு. அக்டோபர் 31ஆம் தேதி, ஹாலோவீன் இரவில் அதற்குள் விளக்கேற்றுகிறோம், மறுநாள் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள ஒரு குழந்தை விதை, கொடி, காய், சமையல், விளக்கு, அழுகல், மீண்டும் விதை என்ற முழுச் சுற்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, புத்தகத்திலும் படித்து அறிந்துகொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஒரு காய் கிடையாது. செப்டம்பர் கடைசியில் தொடங்கி அடுத்த மே மாதம் வரை நீளக்கூடிய இந்தச் சுற்றை, எந்தப் புத்தகத்தை எப்போது எடுப்பது, அதோடு எதைச் செய்வது என்ற வரிசையில் இந்த வழிகாட்டி விளக்குகிறது. ஹாலோவீன் இதில் நடுவில் வரும் ஒரு நாள் மட்டுமே.

முதற்படி: புத்தகங்களைச் செப்டம்பரிலேயே தேடுங்கள்

பூசணிக்காய்ப் புத்தகங்களை அக்டோபரில் நூலகத்தில் தேடினால் அலமாரி காலியாகத்தான் இருக்கும். ஆகவே செப்டம்பரிலேயே நூலக இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. கடையில் வாங்குவதாக இருந்தால், பருவகாலப் புத்தகங்கள் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல, அட்டையில் செம்மஞ்சள் நிறம் பூசப்பட்ட சாதாரணக் கதைகளே என்பதை நினைவில் வையுங்கள். ஒரு புத்தகத்தை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. கதையில் வரும் பூசணிக்காயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பலூனை வைத்துப் பாருங்கள். கதை அப்படியே நடக்குமானால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடலாம்.

இந்தச் சோதனையில் தேறுகிற சிலவற்றைச் சொல்கிறேன். ஜீன் டிதரிங்டன் எழுதி வரைந்து 1986இல் வெளிவந்த 'பம்ப்கின் பம்ப்கின்' மிகச் சிறிய புத்தகம். ஜேமி என்ற சிறுவன் ஒரு விதையை நடுகிறான், அது முளைக்கிறது, பூக்கிறது, காய்க்கிறது, கடைசியில் அவன் அடுத்த வசந்தத்துக்காக ஆறு விதைகளை எடுத்து வைக்கிறான். மென்மையான வண்ணப் பென்சில் படங்களும் பக்கத்துக்கு ஓரிரு வரிகளும் மட்டுமே உள்ளதால் மூன்று வயதுக் குழந்தைகூடச் சலிக்காமல் கேட்கும். கெய்ல் கிப்பன்ஸின் 'த பம்ப்கின் புக்' (1999) கதையல்ல, தகவல் நூல். ஆண் பூ, பெண் பூ, வேர், கொடி, பற்றுக்கம்பி எல்லாவற்றையும் படமாக வரைந்து பெயரிட்டிருப்பதால் ஐந்து வயதுக்கு மேற்பட்ட, 'ஏன்?' என்று ஓயாமல் கேட்கும் பிள்ளைகளுக்கு ஏற்றது. இரண்டு வயதுக் குழந்தைக்கு டான் யாக்கரினோ படம் வரைந்த 'ஃபைவ் லிட்டில் பம்ப்கின்ஸ்' என்ற தடித்த அட்டைப் புத்தகம் போதும். விரல் விட்டுச் சொல்லும் பழைய பாட்டொன்றைத்தான் அது படமாக்கியிருக்கிறது.

மற்ற நூல்களை அவை தேவைப்படும் இடத்தில் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் படித்து முடிக்க வேண்டாம். ஒரு புத்தகத்தை ஒரு வாரம் வைத்துக்கொண்டு, அதே கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பதையே இந்த வயதுப் பிள்ளைகள் விரும்புகிறார்கள்.

இரண்டாம் படி: ஆங்கிலப் புத்தகம், தமிழ்ப் பேச்சு

மேலே சொன்னவை எல்லாம் ஆங்கில நூல்கள். வீட்டில் தமிழ் பேசும் பெற்றோர் பலர் ஆங்கில வரிகளை வாசித்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் சொல்கிறார்கள். இது கதையின் ஓட்டத்தைக் கெடுத்து, குழந்தையை வகுப்பறையில் உட்கார வைத்துவிடுகிறது. அதற்குப் பதிலாக முதல் முறை எழுத்தையே தொடாமல் படங்களை மட்டும் புரட்டித் தமிழில் கதை சொல்லுங்கள். 'இவன் கையில என்ன வச்சிருக்கான்? இந்த இலை ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு? அடுத்த பக்கத்துல என்ன ஆகும்?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். பெரியவர்கள் இரண்டு நொடிக்குள் தாங்களே பதிலைச் சொல்லிவிடுவதுதான் இதில் அடிக்கடி நேரும் இடையூறு. இரண்டாம் முறை ஆங்கில வரிகளை எழுதியுள்ளபடியே, நிறுத்தாமல் வாசியுங்கள். மூன்றாம் முறை புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்து, கதையை உங்களுக்குச் சொல்லும்படி கேளுங்கள். இரண்டு மொழியும் கலந்து வந்தாலும் திருத்த வேண்டாம்.

பாட்டி தாத்தா வீட்டில் இருந்தாலோ, இரவில் காணொளி அழைப்பில் பேசினாலோ, சித்ரா பானர்ஜி திவாகருணியின் 'கிராண்ட்மா அண்ட் த கிரேட் கோர்ட்' (2013) என்ற நூலை அவர்களுக்கென்று ஒதுக்கலாம். மகளைப் பார்க்கக் காட்டு வழியே போகும் ஒரு பாட்டி, தன்னைத் தின்னக் காத்திருக்கும் நரி, கரடி, புலி ஆகியவற்றிடமிருந்து தப்பிக்க, திரும்பி வரும்போது குடைந்த பெரிய சுரைக்காய்க்குள் உட்கார்ந்து உருண்டு வருகிற வங்காளத்து நாட்டார் கதை இது. இதை ஒத்த கதையை ஈரானில் உருளும் பூசணிக்காயை வைத்துச் சொல்கிறார்கள். நம் பழமொழியில் முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைய மறுக்கிறது, இந்தக் கதையிலோ காய்க்குள் பாட்டியே மறைந்துவிடுகிறாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்துச் சொன்னால், ஒரு கிண்ணம் சோற்றைக் கொடுத்து, உள்ளங்கையளவுப் பூசணி ஒன்றை அதில் மறைத்துக் காட்டச் சொல்லும் விளையாட்டும் தானாகவே கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: பண்ணைக்குப் போவது

கனடாவில் நன்றி தெரிவிக்கும் நாள் அக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை. 1957 முதல் அந்நாள் அப்படியே நிலைப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்த நீண்ட வார இறுதியில் மார்க்கம், மில்ட்டன், கலிடன் பக்கத்துப் பண்ணைகள் எல்லாவற்றிலும் கூட்டம் அலைமோதும் என்பதால், அதற்கு முந்தைய ஒரு வார நாளையோ, பிந்தைய ஒரு சனிக்கிழமையின் காலை நேரத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது. டிராக்டர் வண்டிச் சவாரியும் சோளக்கொல்லைப் புதிர்ப்பாதையும் பிள்ளைகளுக்குப் பிடித்தவைதான். ஆனாலும் அவற்றுக்கு முன்பாகவே வயலுக்குள் இறங்கிவிடுங்கள், களைத்துப்போன பிறகு எந்தக் குழந்தையும் எதையும் உற்றுப் பார்க்காது.

வயலில் பார்க்க வேண்டியவை என்று சில உண்டு. கொடி பெரும்பாலும் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். எஞ்சிய இலைகளில் மாவு தூவியது போன்ற வெள்ளைப் படலம் தெரியும், அது இலையில் படரும் ஒரு பூஞ்சை. ஒரு காயை மெதுவாகப் புரட்டினால், மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் மட்டும் வெளிறி இருக்கும், ஏனென்றால் அங்கே வெயில் படவில்லை. நகத்தால் தோலை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் இறங்காமல் தோல் கெட்டியாக இருந்தால் காய் முற்றிவிட்டது. விதை போட்டதிலிருந்து இந்த நிலைக்கு வர இரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 90 முதல் 120 நாட்கள் ஆகும்.

மூன்று காய்களை வாங்குங்கள். பெரியது செதுக்குவதற்கு, பை பம்ப்கின் என்று விற்கப்படும் சிறிய இனிப்புப் பூசணி சமைப்பதற்கு, கைக்குள் அடங்கும் மிகச் சிறியது குழந்தையின் சொந்தப் பொருளாக வைத்துக்கொள்வதற்கு. நவராத்திரி அதே நாட்களில் வருமானால், அந்தச் சிறியது கொலுப்படிப் பக்கத்துப் பூங்காவில் ஒரு மலையாகவும் நிற்கலாம். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காம்பு முறிந்த காய் அந்த இடத்திலிருந்து விரைவில் அழுகும்.

வீட்டுக்கு வந்தபின், திறப்பதற்கு முன், அளக்கலாம். பெரிய காயின் இடுப்பைச் சுற்றி வர எவ்வளவு நூல் வேண்டும் என்று ஒவ்வொருவரும் கண்ணளவால் ஊகித்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, பிறகு சுற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எல்லோருமே மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ வெட்டியிருப்பார்கள், பெரியவர்கள் உட்பட. குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் காயை இறக்கினால் அது மிதக்கும். இவ்வளவு கனமான காய் எப்படி மிதக்கிறது என்ற கேள்விக்கு உடனே விடை சொல்லாதீர்கள், அடுத்த நாள் காயைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் வெற்றிடத்தை அவர்களே பார்ப்பார்கள்.

நான்காம் படி: திறப்பதும் எண்ணுவதும்

இந்த வழிகாட்டியில் ஏதேனும் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். மார்கரெட் மக்நமாரா எழுதிய 'ஹவ் மெனி சீட்ஸ் இன் அ பம்ப்கின்?' (2007) என்ற நூலில் ஓர் ஆசிரியர் பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று பூசணிகளை வகுப்புக்குக் கொண்டுவருகிறார். எதில் அதிக விதை இருக்கும் என்று பிள்ளைகள் ஊகிக்கிறார்கள். வகுப்பிலேயே உயரம் குறைந்த சார்லி என்ற சிறுவனுக்குச் சிறிய பூசணி கிடைக்கிறது, கடைசியில் அதில்தான் அதிக விதைகள் இருக்கின்றன. கதையைப் பாதியில், ஊகிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டுப் பூசணிகளை எடுத்து வாருங்கள்.

தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கத்தியைப் பெரியவர் மட்டுமே பிடித்து, மூடியை வெட்டுங்கள். மூடியைத் தூக்கும்போது உள்நார்கள் ஒவ்வொன்றாக அறுந்து சரசரக்கும், பச்சை வெள்ளரியும் ஈர மண்ணும் கலந்தது போன்ற ஒரு மணம் எழும். நார்கள் வழுவழுப்பாகவும் குளிர்ச்சியாகவும் விரல்களைச் சுற்றிக்கொள்ள, விதைகள் அவற்றுக்குள் ஒட்டிக்கொண்டு, பிடித்தால் நழுவி ஓடும். சில குழந்தைகள் முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவுவார்கள், சிலர் அருவருத்து அழுதே விடுவார்கள். அழுகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்தாமல், ஒரு பெரிய கரண்டியையோ, நாரைத் தண்ணீருடன் சேர்த்து மூடிக் கட்டிய ஒரு தடித்த பிளாஸ்டிக் பையையோ கொடுங்கள். பைக்கு வெளியிலிருந்து விதைகளை நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சிறிது நேரத்தில் தானாகவே பையைத் திறக்கக் கேட்பதும் உண்டு.

ஒவ்வொரு காயின் விதையையும் தனித்தனிக் கிண்ணத்தில் கழுவி வைத்து எண்ண வேண்டும். ஒரு பூசணிக்குள் சில நூறு விதைகள் இருப்பது வழக்கம் என்பதால் நான்கு வயதுக் குழந்தையால் ஒவ்வொன்றாக எண்ணி முடிக்க முடியாது. முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியிலும் பத்து விதையாகப் போடச் சொல்லுங்கள். பிறகு குழிகளைப் பத்து, இருபது, முப்பது என்று எண்ணினால் போதும். கதையில் வரும் வகுப்பும் இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக, பத்துப் பத்தாகத்தான் எண்ணுகிறது. எண்ணிக்கை தெரிந்தபின் கதையின் மீதிப் பாதியை வாசியுங்கள். உங்கள் வீட்டில் பெரிய காய்க்கே அதிக விதை இருந்திருந்தால், புத்தகம் சொன்னதும் கண்ணால் கண்டதும் வேறாக இருக்கலாம் என்று பேசவும் அங்கே இடம் கிடைக்கிறது.

விதையில் ஒரு பங்கை வறுக்கலாம். நன்றாகத் துடைத்து, சிறிது எண்ணெயும் உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் பிரட்டி, 325 பாரன்ஹீட் வெப்பத்தில் ஏறத்தாழ 20 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு, அவன் (oven) அடுப்பில் வைத்தால் மொறுமொறுப்பாகும். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு முழு விதையைக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். இன்னொரு பங்கை வறுக்காமல் கழுவிக் காகிதத்தின்மேல் பரப்பி, ஒரு வாரத்துக்கு மேல் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, குழந்தையின் பெயரும் தேதியும் எழுதி எடுத்து வையுங்கள்.

ஐந்தாம் படி: சூப் வைக்கும் வேலையைப் பங்கிடுவது

ஹெலன் கூப்பரின் 'பம்ப்கின் சூப்', பிரித்தானியாவின் சிறந்த பட நூலுக்கான கேட் கிரீனவே பதக்கத்தை 1998ஆம் ஆண்டுக்குப் பெற்றது. பூனை பூசணியை வெட்டும், அணில் துழாவும், வாத்து உப்புப் போடும். ஒரு நாள் வாத்துக்குத் துழாவும் ஆசை வருகிறது, சண்டை மூள்கிறது, வாத்து கோபித்துக்கொண்டு வீட்டை விட்டே போய்விடுகிறது. உடன்பிறந்தவர்கள் இருக்கும் வீட்டில் இந்தக் கதைக்கு விளக்கமே தேவைப்படாது.

இதைப் படித்த அன்றே சமையுங்கள். செதுக்கும் பெரிய காயில் நீர் அதிகம், சுவை குறைவு என்பதால் சிறிய இனிப்புப் பூசணியையே எடுங்கள். அதை இரண்டாகப் பிளந்து அவனில் வேகவைத்துவிட்டால், சதையைக் கரண்டியால் சுரண்டி எடுப்பதைப் பிள்ளைகளே செய்வார்கள். சூப்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. தேங்காய்ப்பால் விட்ட பூசணிக் கறியும் கூட்டும் அல்வாவும் அந்தக் காயில் நன்றாகவே வரும். ஆனால் வேலையை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பதையும், பாதியில் வேலைகளை மாற்றிக்கொள்வதையும் விட்டுவிடாதீர்கள். கதையைச் சமையலறைக்குக் கொண்டுவருவது அதுதான். உப்புப் போடும் பொறுப்பைக் கொடுக்கும்போது மட்டும், அளந்த உப்பை முன்கூட்டியே ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கொடுப்பது குடும்பத்துக்கு நல்லது.

இதே வாரத்தில் இலைகளையும் பொறுக்கி வரலாம். இலையை நரம்புப் பக்கம் மேலே வரும்படி வைத்து, மேலே வெள்ளைத்தாளை மூடி, மெழுகுப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தால் நரம்புகள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும். மேப்பிள் இலை ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டால், பச்சையம் குறையும்போது அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது என்று சொல்லலாம். அந்த மஞ்சளும் பூசணியின் செம்மஞ்சளும் கரோட்டினாய்டு என்ற ஒரே வகை நிறமிகளால் வருபவை. சிவப்பு மட்டும் வேறு, அதை மரம் இலையுதிர்காலத்தில்தான் புதிதாக உருவாக்குகிறது.

ஆறாம் படி: விளக்கு

காயைச் செதுக்கி விளக்கு வைக்கும் பழக்கம் அயர்லாந்து, ஸ்கொட்லாந்து மக்களிடமிருந்து வந்தது. அங்கே அவர்கள் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். வட அமெரிக்காவுக்குக் குடியேறியபின், அளவில் பெரியதும் குடைய எளியதுமான பூசணி கைக்கு வந்தது. ஊர் மாறியபோது சடங்குக்குப் பயன்படும் காயும் மாறியது என்ற செய்தி புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு எளிதில் புரியும்.

செதுக்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முகத்தைக் குழந்தை பேனாவால் வரையட்டும், பெரியவர் வெட்டட்டும். உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதிலாக மின்கல விளக்கை வையுங்கள். செதுக்கிய காய் சில நாட்களிலேயே சுருங்கத் தொடங்கும் என்பதால் அக்டோபர் 28க்கு முன் வெட்ட வேண்டாம். வெட்டே வேண்டாம் என்று நினைப்பவர்கள், மரச் சுத்தியலால், கோல்ஃப் பந்தை நிறுத்தி வைக்கும் சிறு ஆணிகளைக் (golf tees) காயின் தோலில் அடிக்கக் கொடுக்கலாம். மூன்று வயதுப் பிள்ளைகள் அதில் நெடுநேரம் மூழ்கிக் கிடப்பார்கள்.

ஏழாம் படி: நவம்பரில் தூக்கி எறியாதீர்கள்

ரொறன்ரோவின் சொரோரன் பூங்காவில் ஹாலோவீனுக்கு மறுநாள் மாலை, அக்கம்பக்கத்தார் தங்கள் பூசணி விளக்குகளைக் கொண்டுவந்து பாதையோரம் வரிசையாக அடுக்கி, கடைசி முறையாக ஏற்றுகிறார்கள். பிறகு அவை உரமாகப் போய்விடும். முடிந்தால் ஒரு காயை அங்கே அனுப்பிவிட்டு, இன்னொன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இந்தக் காயின் சுவையான பாடம் இனிமேல்தான் வருகிறது.

வில் ஹபெலின் 'பம்ப்கின் ஜாக்' (2000) இதற்கான புத்தகம். டிம் என்ற சிறுவன் தான் செதுக்கிய பூசணிக்கு ஜாக் என்று பெயர் வைக்கிறான். ஹாலோவீன் முடிந்ததும் அது தோட்டத்துக்குப் போகிறது. பூஞ்சை பிடித்து, அமுங்கி, பனிக்கடியில் மறைந்து, வசந்தத்தில் அதன் விதையிலிருந்து ஒரு செடி முளைக்கிறது. அழுகுவதை அருவருப்பில்லாமல், அதே நேரத்தில் மழுப்பாமல் காட்டும் படநூல்கள் குறைவு, இது அவற்றில் ஒன்று.

தோட்டம் இருந்தால் காயை மூலையில் வைத்து வாரம் ஒருமுறை படமெடுங்கள். அணில்கள் பங்கு கேட்டு வரும், அதையும் படமெடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் ஈர மண்ணைப் போட்டு, அதன்மேல் ஒரு துண்டுப் பூசணியை வைத்து, மூடியை நாடாவால் ஒட்டிவிடலாம். முதலில் துண்டின் ஓரங்களில் பஞ்சு போன்ற வெள்ளை நூல்கள் எழும், பிறகு சாம்பலும் கறுப்புமான புள்ளிகள் பரவும், துண்டு தன் வடிவத்தை இழந்து நீர்விட்டுத் தாழும், பல வாரங்களில் எது பூசணி, எது மண் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். வாரந்தோறும் அதைக் குழந்தை வரைந்து, நீங்கள் குழந்தை சொல்வதைக் கீழே எழுதி வைத்தால், குளிர்காலம் முடியும்போது அதுவே சொந்தமாகச் செய்த ஒரு படப்புத்தகமாகிவிடும். பூஞ்சை வித்துக்கள் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால் போத்தலை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம்.

எட்டாம் படி: மே மாதத்து விதை

உறையில் வைத்த விதைகளை ஏப்ரலில் வெளியே எடுங்கள். வறுத்த விதை மிச்சமிருந்தால் இன்னும் நல்லது. ஈரமான சமையலறைக் காகிதத்தில் வறுத்த விதை சிலவற்றையும் வறுக்காத விதை சிலவற்றையும் தனித்தனியாகச் சுற்றி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் எது முளைக்கிறது என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். தெற்கு ஒன்ராறியோவில், மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் வார இறுதியைத்தான் உறைபனி ஆபத்து நீங்கும் காலமாகத் தோட்டக்காரர்கள் கொள்வது வழக்கம். அதன்பின் விதையை ஓர் அங்குல ஆழத்தில் நடலாம். கொடி பல மீட்டர் படரும் என்பதால் பால்கனிக்கு ஏற்றதல்ல, ஆனால் சமூகத் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்தால் போதும். கடையில் வாங்கிய காயின் விதை பெரும்பாலும் கலப்பினமாக இருக்கும், அதனால் வருகிற காய் தாயைப் போலவே இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஜூலையில் பூக்கத் தொடங்கும்போது முதலில் வருபவை ஆண் பூக்கள். அவை ஒரு நாள் மலர்ந்து உதிர்ந்துவிடும், செடி செத்துப்போகிறது என்று பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெண் பூவின் அடியில் குன்றிப்போன ஒரு குட்டிப் பூசணி இருக்கும், கிப்பன்ஸின் படத்தை அருகில் வைத்துப் பார்த்தால் குழப்பம் வராது. தேனீ வராவிட்டால், காலை வேளையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை விலக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் குழந்தையே தடவிவிடலாம். மிஞ்சிய ஆண் பூக்களைக் கடலைமாவில் தோய்த்துப் பொரிக்கலாம், அல்லது தமிழ்நாட்டில் மார்கழிக் கோலத்தின் நடுவே சாணத்தில் செருகும் பூ இதுதான் என்று சொல்லி, வாசலில் ஒரு கோலம் போட்டு வைக்கலாம்.